முசியேயும் மதாமும்

கத்தரி வெயிலில், காலாப்பட்டுக் கடற்கரையில், கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு நீங்கள் எப்போதாவது உலாவியது உண்டா, சகோதரிகளே? "இதென்ன பைத்தியக்காரக் கேள்வி!" என்று நீங்கள் முகவாய்க்கட்டையில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நான் செய்யவில்லை. வாயில்லாத இரண்டு ஜீவன்களைச் செய்ய வைத்தேன்.

பத்திரிகைக்காரிக்கு ஊர் சுற்றுவதுதானே பிழைப்பு? முன் ஒரு மார்கழியில் கட்டுரை விஷயமாக நீலகிரிக்குப் போயிருந்தேன். தங்கியிருந்த வீட்டில் ஓர் அம்மாள் மடியில் பஞ்சுப் பொதி ஒன்றை வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். பொதி திடீரென்று மூக்கை அசைத்தது! அங்கோரா முயல். துருக்கி தேசத்து அங்காரா நகரத்தின் பழைய பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றும் ஜாதி. அதன் ரோமம் ஆட்டுக் கம்பளியைவிட மெல்லியது, இலேசானது, கதகதப்பானது. நம் நாட்டில் இமாசலத்துக் குலுப் பள்ளத்தாக்கில் கார்சா என்ற இடத்தில், மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று ஜெர்மன் அங்கோராவை வளர்க்கிறது. குலு என்றால் பனி, ஆப்பிள், சால்வை. இந்த விவரம் அப்போதே என் மூளையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. புதிதாக ரோமம் கத்தரித்த ஜோடி ஒன்றை விலை பேசி, கூடையில் வைத்து ஊருக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான் என் கணவருக்கு உத்தியோகம். என் மாமியார் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் பிறந்தவர். கூடையைத் திறந்து பார்த்ததும், "ஆணுக்கு முசியே, பெண்ணுக்கு மதாம்!" என்று பெயர் வைத்துவிட்டார். பிரான்ஸ் தேசத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே அங்கோரா வளர்க்கிறார்களாம். ஆனால் 1954-இல் இங்கிருந்து புறப்பட்டவர்கள் ரொட்டிக் கடையை விட்டுப் போனார்களே தவிர, இந்த முயலை விட்டுப் போகவில்லை. விவரம் தெரிந்தவர்கள்!

தை மாதம் வரை எல்லாம் சொர்க்கம். ரோமம் மாதத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்தது. எட்டு வயது மல்லி பள்ளிக்கூடம் விட்டதும் சீப்பும் கையுமாகக் கூண்டருகில் உட்கார்ந்துவிடுவாள். தெருவோடு போகிற மீன்காரம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, நாங்க சேலை முந்தானையே பாரமா இருக்குன்னு தவிக்கிறோம். இதுங்களுக்குக் கம்பளியைப் போத்தி உட்டிருக்கியே!" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

மாசியில் ஊரில் ஒரு செல்லப் பிராணிக் கண்காட்சி நடந்தது. அங்கோரா காட்சியில் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் ரோமத்துக்குத்தான் என்று படித்து வைத்திருந்தேன். முதல் நாள் இரவு மூன்று மணி நேரம் சீவி, மதாமை மகாராணிபோல் அலங்கரித்து எடுத்துப் போனேன். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நாய்க்குட்டி என்றார்கள். நடுவர் நிதானமானவர். முதுகைத் தடவிப் பார்த்து "பிரமாதம்" என்றார். பிறகு வயிற்றுப் பக்கம் விரலை விட்டார். அங்கே கடற்காற்றின் ஈரத்தில் ரோமம் கம்பளித் துணிபோல் இறுகிச் சிக்குப் பிடித்திருந்தது. மேலே மட்டும் சீவி உள்ளே கோட்டை விட்ட என் அழகு அம்பலமாயிற்று. பரிசு ஒரு பச்சைக்கிளிக்குப் போயிற்று.

அதோடு விட்டேனா? வைகாசியில் இன்னொரு கண்காட்சி வருகிறது என்று காதில் விழுந்தது. எழுபத்தைந்து, தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை ரோமத்தைக் கத்தரித்துவிட வேண்டும் என்று அந்த நீலகிரி அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கத்தரித்தால் வைகாசிக்குள் பாதிகூட வளராது. "இன்னும் கொஞ்ச நாள்" என்று கத்தரிக்கோலை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன்.

பங்குனியில் ஜோடி சேர்த்தோம். 31 நாளில் குட்டி என்று மல்லி காலண்டரில் வட்டம் போட்டாள். வட்டம் வந்தது, போயிற்று, குட்டி வரவில்லை. சூடு 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயலுக்குச் சந்தான சக்தி குன்றிவிடும் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலும் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். நான் ஈரச் சாக்கு கட்டினேன். உறைந்த தண்ணீர்ப் புட்டியைக் கூண்டில் வைத்தேன். எல்லாம் செய்தேன், கத்தரிப்பதைத் தவிர.

ஒரு நாள் மல்லி ஓடி வந்தாள். "அம்மா, மதாம் பாசிமணி கோக்குது!" போய்ப் பார்த்தேன். புழுக்கைகள் ஒரே ரோம இழையில் மணிமாலைபோல் வரிசையாகக் கோத்திருந்தன. மாமியார் முதற்கொண்டு எல்லாரும் சிரித்தோம். அது அபாய அறிவிப்பு என்று யாருக்குத் தெரியும்?

கத்தரி தொடங்கிய மூன்றாம் நாள் மதாம் புல்லைத் தொடவில்லை. மறுநாள் காலை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "அம்மா, பூனையும் உடம்பை நக்குது, முடி உள்ளே போகுது, ஆனா வாந்தி எடுத்துப் பிழைச்சுக்கும். முயலாலே வாந்தி எடுக்க முடியாது. முடியும் தீனியும் சேர்ந்து இரைப்பையில் அடைச்சிருக்கு. வெயில் வேறே. எப்போ கத்தரிச்சீங்க?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மல்லி சொன்னாள்: "கண்காட்சிக்காக அம்மா வெட்டலை, டாக்டர்."

மருந்து கொடுத்தார். அன்று இரவு மின்சாரம் போய்விட்டது. நானும் மாமியாரும் மாற்றி மாற்றி விசிறினோம். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு மதாமின் மூக்கு அசைவது நின்றது. அந்த ரோமத்தையாவது எடுத்து வைக்கலாமா என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேண்டாம்டா. அவ உடுப்போடயே போகட்டும்" என்றார் மாமியார். தென்னை மரத்தடியில் குழி தோண்டினோம்.

பொழுது புலர்ந்ததும் மேஜையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன். முசியேயை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கத்தரித்தேன். அங்கோராவின் தோல் காகிதம்போல. ரோமத்தை இழுத்துப் பிடித்தால் தோலும் சேர்ந்து வந்து கத்தரிக்குள் அகப்படும். கை நடுங்கியதில் ஓரிடத்தில் ரத்தம் வந்துவிட்டது. முடித்தபோது பெருச்சாளி மாதிரி ஒரு சின்ன உருவம் நின்றது. வந்து ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அது கொல்லை முழுதும் துள்ளி ஓடியது. மல்லி சிரித்தாள், அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வைகாசிக் கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. மறு வாரமே முசியேயை இரவோடு இரவாக நீலகிரிக்குக் கொண்டு போனேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முசியேயின் ரோமம் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டுக் கம்பளியோடு கலந்து நூற்றால் ஒரு குழந்தைக்குக் குல்லாய் பின்னலாம் என்று மாமியார் சொல்கிறார். அது ஒரு தலையணை உறைக்குள், மல்லியின் அலமாரியில் இருக்கிறது. என்னைத் தொட விடுகிறாள் இல்லை.