வலிக்காத நெஞ்சு

நெஞ்சு வலித்தால் பயப்பட வேண்டும் என்பது யாவரும் அறிந்த விஷயம். வலிக்காத நெஞ்சுக்கும் பயப்பட வேண்டும் என்பதை நமது மைத்துனரால் தெரிந்துகொண்டோம்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரங்களில் டீயும் பன்னுமே ஆகாரம். காலையில் பாயை விட்டு எழுந்தால் கண் இருட்டும். "பித்தமுங்க மாமா" என்பார். பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடம் நடத்துகிற நாமும் தலையை ஆட்டி வைத்தோம்!

காலில் ஒரு புண். அதை அறுத்துச் சுத்தம் செய்வதற்குமுன் டாக்டர் ஈ.ஸி.ஜி. எடுத்தார்.

"எப்பொழுது மாரடைப்பு வந்தது?" என்றார்.

"எனக்கு வரவே இல்லீங்களே!"

வந்துதான் இருந்தது. வலியை அறிவிக்கும் நரம்புகள் மழுங்கியதால் சேதி வரவில்லை. மூளையிலிருந்து ஹிருதயம் வரை ஓடும் 'வேகஸ்' நரம்பு அதற்குக் கடிவாளம் போன்றது. சர்க்கரை அதை முந்திக் கெடுக்கிறதாம். சும்மா படுத்திருக்கையிலும் மைத்துனரின் நாடி நூறைத் தொட்டது.

எடின்பரோவில் டாக்டர் ஈவிங்கும் சகாக்களும் 1970-களில் வகுத்த பரிசோதனைகளை அங்கே செய்தார்கள். நிமிஷத்துக்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சு விட வேண்டும். உள்ளிழுக்கையில் துடிப்பு விரைந்து, வெளிவிடுகையில் தணிய வேண்டும். வித்தியாசம் நிமிஷத்துக்கு 15 துடிப்பேனும் இருந்தால் நலம்; 10 அல்லது அதற்குக் கீழானால் கோளாறு. மைத்துனருக்கு நான்கு! படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நிற்க வைத்தும் பார்த்தார்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே கோளாறு என்கையில், அவருக்கு 30 இறங்கியது. நாம் பித்தம் என்றது இதைத்தான். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அவசியம் தெரிய வேண்டிய சங்கதி என்று டாக்டர் சீட்டில் சிவப்பு மையால் எழுதினார்.

இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதிக்கு, வியாதி தெரிந்த நாள் முதலே இந்தச் சோதனை வேண்டும் என்கிறார்கள். கெட்ட நரம்பு மீள்வது துர்லபம். ஆரம்பத்தில் கண்டால் சேதத்தைத் தாமதப்படுத்தலாம். 2021 ஆகஸ்டில் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மெச்சத்தக்க காரியம். சர்க்கரை உள்ளவரை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி ஒரு தடவை பார்த்தால் என்ன? மூன்று நிமிஷம்; தம்பிடிச் செலவில்லை.

புண் ஆறி மைத்துனர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பாய் போய்க் கட்டில் வந்திருக்கிறது. காலையில் அதன் விளிம்பில் உட்கார்ந்து இருபது வரை எண்ணுகிறார். அவருடைய சின்னப் பெண் கூடவே எண்ணுகிறாள். பதினெட்டிலேயே எழ முயன்றால் விடுவதில்லை.