பார்க் தெருவில் ஒரு சனிக்கிழமை இரவு

கொல்கத்தாவில் நம்மவர் மிகுதியாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பகுதிக்கும் பார்க் தெருவுக்கும் அதிகத் தொலைவு இல்லை. காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் போய் இறங்கிவிடலாம். ஆயினும் இந்நகரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அத்தெருவை இரவில் பார்க்காதவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

சென்ற மாதம் என் தமக்கையார் ஒரு பொறுப்பை என் தலையில் ஏற்றினார். அவருடைய மகன் பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். வெள்ளி, சனி இரவுகளில் பார்க் தெரு உணவு விடுதி ஒன்றில் பேஸ் கிடார் வாசிக்கிறான். இப்போது பகல் வேலையை விட்டுவிட்டு வாத்தியத்தையே தொழிலாகக் கொள்ளப் போகிறானாம். "யாரோ பாடிய பாட்டை யாரோ சாப்பிடும்போது வாசிக்கத்தானா இவனைப் படிக்க வைத்தேன்? நீ ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார்.

பார்க் தெரு பழமையான தெரு. அதன் கீழ்க்கோடியில் 1767இல் தொடங்கிய ஆங்கிலேயர் இடுகாடு இருக்கிறது. தலைமை நீதிபதி இம்பேயின் மான் பூங்கா இங்கே இருந்ததால் 'பார்க்' என்ற பெயர் வந்தது. 2004இல் அன்னை தெரஸாவின் பெயரைச் சூட்டினார்கள்; மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இத்தெருவின் விடுதிகள் இசைக்குப் பெயர்பெற்று விளங்கின. மொகாம்போவில் பாம் கிரெயின் பாடினார். ப்ளூ ஃபாக்ஸில் லூயி பாங்க்ஸ் பியானோ வாசித்தார். ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் நிறைந்த குழுக்கள் அவை. 1969இல், பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா, சென்னை மவுண்ட் ரோடில் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடிப் பழகி, பின்னர் இங்கே டிரிங்காஸில் வந்து பாடினார். பட்டுப் புடவையும் பூவும் பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடிய அவரைத்தான் இன்று உஷா உதுப் என்று நாடே அறிகிறது. பின்னர்க் கேளிக்கை வரி ஏறிற்று. நகரத்தில் கலவரம் மிகுந்தது. வாத்தியக்காரர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டனர். ப்ளூ ஃபாக்ஸ் மூடப்பட்டது. டிரிங்காஸில் மட்டும் பாட்டு ஓயவில்லை.

என் மருமகனுடைய குழு வாசிப்பது இவற்றினும் சிறிய இடம். பிறர் பாடிப் பிரபலமான பாட்டுகளை எடுத்து வாசிக்கும் இத்தகைய குழுவுக்குக் 'கவர் பாண்டு' என்று பெயர். நம் ஊர்க் கல்யாணங்களில் சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

எட்டரை மணிக்குத் தொடங்கினார்கள். முக்கால் மணி வாசிப்பு, கால் மணி ஓய்வு; இப்படி மூன்று முறை. முதற்பகுதியில் மெல்லிய பாட்டுகள். சாப்பிடுகிறவர்கள் குரலை உயர்த்தாமல் பேச வேண்டும் அல்லவா? இரண்டாவதில் எல்லாரும் அறிந்த பாட்டுகள். மூன்றாவது ஆடுவதற்கு. பட்டியல் ஒன்று எழுதி ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதன்படி நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாடுகிற பெண் மேஜைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முள்கரண்டிகள் கீழே வைக்கப்பட்டுக் கால்கள் தாளம் போடத் தொடங்கியதும், பின்னால் திரும்பி ஒரு விரலைக் காட்டினாள். உடனே பட்டியலில் நான்கு பாட்டைத் தாண்டிப் போனார்கள். சபையை இப்படி அளந்து பார்க்கும் பார்வையை நம் நாகஸ்வர வித்துவான்களிடம்தான் முன்பு கண்டிருக்கிறேன்.

ஓய்வு வேளையில் மருமகனை விசாரித்தேன். அந்தக் காலத்தில் இசைத்தட்டைக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து ஸ்வரம் பிடித்தார்களாம். இப்போது கைப்பேசியிலேயே பாட்டின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்க முடிகிறது. பாடகியின் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றிக்கொள்கிறார்கள். ஐந்து பேர் வாசித்த பாட்டை நால்வருக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். பாட்டை இயற்றியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேர வேண்டிய கட்டணத்தைப் பெற 1969இல் ஏற்பட்ட ஒரு சொசைட்டி இருக்கிறது; அதனிடம் உரிமம் பெறுவது விடுதிக்காரர் பொறுப்பு.

"எல்லாம் சரி. உங்களுடையது என்று எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது, மாமா. இரண்டாம் பகுதியின் நடுவில் ஒன்று வாசித்தோமே, நீங்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தீர்கள்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு அவன் சொன்னான்: பீட்டில்ஸ் 1960 முதல் 1962 வரை ஜெர்மனியில் ஹாம்பர்க் விடுதிகளில் இரவெல்லாம் பிறர் பாட்டையே வாசித்தார்களாம். 1963இல் வந்த அவர்களுடைய முதல் பெரிய இசைத்தட்டில் கூடப் பதினான்கு பாட்டில் ஆறு பிறருடையவை. நானும் விடவில்லை. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இளையராஜா வாசித்த கதையை அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது! பிறர் பாட்டை நூறு முறை வாசித்தவனுக்குத்தான் பாட்டு எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று கை அறியும் போலும்.

ஆயினும் ஒரு வேற்றுமையை நான் மறைக்கவில்லை. சபாவில் பாடுகிறவரும் தியாகராஜரின் கீர்த்தனத்தைத்தான் பாடுகிறார். அவரை நகல் எடுப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்கு ஆலாபனையும் ஸ்வரமும் சொந்தம். இங்கே, 1976இல் வந்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டின் முடிவில் வரும் கிடார்ப் பகுதியில் ஒரு ஸ்வரத்தை மாற்றினால் மேஜைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். தட்டில் உள்ளபடியே வேண்டும் அவர்களுக்கு. அந்தப் பொறுமை என் மருமகனுக்கு எத்தனை ஆண்டு இருக்கும்?

பதினொன்றரைக்கு முடிந்தது. கிடைத்த பணத்தை நான்காகப் பிரித்தார்கள். டிரம் வாசிப்பவனின் டாக்ஸிச் செலவைப் பொதுவில் எடுத்தார்கள். மீதியில் மருமகன் பங்கை நானும் எண்ணிப் பார்த்தேன். மாதத்துக்கு எட்டு இரவு வாசித்தாலும் வீட்டு வாடகைக்குப் போதாது. கல்யாணம், பிறந்தநாள், புத்தாண்டு என்று வெளி நிகழ்ச்சிகள் வந்தால்தான் நாலு காசு மிஞ்சும். டிசம்பரில் வருவதை வைத்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தைத் தள்ள வேண்டும் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலையில் தமக்கையார் வீட்டுக்குப் போனேன். கணக்கு வேலையை இப்போது விட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டதாகவும், ஓராண்டு பொறுத்துச் சொந்தப் பாட்டுகள் பத்தாவது சேரட்டும் என்று கேட்டுக்கொண்டதாகவும், அவன் பதில் சொல்லவில்லை என்றும் உள்ளபடி கூறினேன். வாசிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நன்றாக வாசிக்கிறானா?" என்றார்.

"அவனை யாரும் கவனிக்கவில்லை, அக்கா. ஆனால் நடுவில் கம்பி ஒன்று அறுந்து அவன் நிறுத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அடுத்த சனிக்கிழமை தம்மையும் அழைத்துப் போக முடியுமா, புடவை கட்டிக்கொண்டு அங்கெல்லாம் வரலாமா என்று கேட்டார். உஷா உதுப்பின் கதையை அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்.