தடம் புரண்ட சிவப்புப் பெட்டி

வீட்டு மேசைமீது ஓடும் மாதிரி இரயில் பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள்போல இருக்கும். ஆனால், உண்மையான இரயிலுக்கு உரிய விதிகள் அதற்கும் உண்டு. உலகில் பலரும் விரும்பி வைத்திருப்பது ‘எச்ஓ’ எனப்படும் அளவிலான மாதிரி இரயிலாகும். அது உண்மையான இரயிலில் 87இல் ஒரு பங்கு அளவே இருக்கும். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர். சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள மெல்லிய விளிம்பே பெட்டியைத் தடத்தில் நிறுத்துகிறது. அவ்விளிம்பின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எனவே, சிறு பிசகு நேர்ந்தாலும் பெட்டி தடம் புரண்டுவிடும்.

செந்தூல் இரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் வீட்டில், பள்ளி விடுமுறையின்போது அப்படித்தான் நேர்ந்தது. படிவம் இரண்டில் பயிலும் பேரன் ஒட்டுப்பலகையின்மேல் தண்டவாளம் அமைத்திருந்தான். அவனுடைய தங்கை நெகிழித் துண்டுகளை ஒட்டிச் சிவப்புப் பெட்டி ஒன்றைச் செய்திருந்தாள். இரயில் ஓடத் தொடங்கியதும் சிவப்புப் பெட்டி வளைவில் கவிழ்ந்தது. மறுசுற்றிலும் அதே இடத்தில் கவிழ்ந்தது.

“நீ சரியாக ஒட்டவில்லை. அதனால்தான் விழுகிறது,” என்று அண்ணன் எரிந்து விழுந்தான். தங்கை ஒன்றும் பேசாமல் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

தாத்தா ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பேரனிடம் நீட்டினார். “யார்மேல் தவறு என்பதைப் பிறகு பார்க்கலாம், தம்பி. எந்தப் பெட்டி, எந்த இடம், முன்னால் போகும்போதா பின்னால் வரும்போதா என்று எழுது. பல பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் தடத்தைப் பார். ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்தால் பெட்டியைப் பார்,” என்றார்.

பேத்தி சிவப்புப் பெட்டியை மீண்டும் எடுத்து வந்தாள். இரயில் இருபது சுற்றுகள் ஓடியது. பேரன் எழுதிய குறிப்பு அவனையே திகைக்க வைத்தது. வளைவின் அதே இணைப்பில் சரக்குப் பெட்டி இருமுறையும் எண்ணெய்ப் பெட்டி ஒருமுறையும் விழுந்திருந்தன. அவ்விணைப்பை நகத்தால் தடவியபோது நகம் தட்டியது. தண்டவாளத்தின் முனை இணைப்புத் தகட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் ஏறி நின்றது. அவன் அதைக் கழற்றிச் சரியாகப் பொருத்தினான். அதன்பின் மற்றப் பெட்டிகள் தடையின்றி ஓடின.

ஆயினும், இரயிலைப் பின்னோக்கித் தள்ளியபோது சிவப்புப் பெட்டி வேறு இரண்டு இடங்களில் சாய்ந்தது. இம்முறை தங்கையே அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். அதன் எடை 60 கிராம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 110 கிராம் எடை வேண்டும். எடை குறைந்த பெட்டியை மற்றப் பெட்டிகள் நெருக்கும்போது அது எளிதில் தூக்கி எறியப்படும். அவள் பெட்டியின் தரைப்பகுதியில் இரும்பு நட்டுகளைச் சீராகப் பரப்பி ஒட்டினாள். எடை மேலே இருந்தால் பெட்டி ஆடும் என்பதால் கீழேயே வைத்தாள். பெட்டி பிறகு விழவில்லை. அண்ணன் இயக்கும் கருவியை அவள் கையில் கொடுத்து, “இந்தச் சுற்றை நீ ஓட்டு,” என்றான்.

இருவர் வேலையிலும் குறை இருந்தது. சிவப்புப் பெட்டியை அலமாரியிலேயே விட்டிருந்தால், தடத்தின் குறை மற்றப் பெட்டிகளைத் தொடர்ந்து கவிழ்த்திருக்கும். தடத்தை மட்டும் திருத்தியிருந்தால், சிவப்புப் பெட்டி தொடர்ந்து சாய்ந்திருக்கும். உண்மையான இரயில் தடம் புரளும்போதும் வல்லுநர்கள் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் அளந்து பார்த்த பின்னரே காரணத்தைச் சொல்கிறார்கள். பழி சொல்ல ஒரு நொடி போதும். காரணத்தைக் கண்டறியப் பொறுமை வேண்டும்.