எழுபது வயதில் திரும்பி வருவது

எண்பதுகளில் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில்தான் ‘மேட் மேக்ஸ்’ இரண்டாம் பாகம் பார்த்தேன். உலகம் கெட்டுச் சீரழிந்த ஒரு வருங்காலம். பெட்ரோலுக்காக மனிதர்கள் அடித்துக்கொண்டு சாகிறார்கள். ஆஸ்திரேலியப் பொட்டல்காட்டில் ஓட்டை உடைசல் வண்டிகள் துரத்துகின்றன. பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் பேரன் அதே வரிசையின் நான்காவது படமான ‘ஃப்யூரி ரோட்’டை டி.வி.யில் போட்டான். முதல் படம் 1979-ல் வந்தது. மூன்றாவது 1985. நான்காவது 2015. முப்பது வருஷ இடைவெளி, ஆனால் டைரக்டர் அதே ஜார்ஜ் மில்லர்தான். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. கிழவர் பழைய சோற்றைத்தான் சூடு பண்ணிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கையிலிருந்த காபி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

பிறகு பேரனிடம் கேட்டும் தேடிப் படித்தும் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். மில்லர் டாக்டருக்குப் படித்தவர். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேலை பார்த்துத்தான் முதல் படத்துக்குப் பணம் சேர்த்தார். மூன்று பாகங்களுக்குப் பிறகு, பென்குவின்கள் ஆடிப் பாடும் ‘ஹேப்பி ஃபீட்’ என்ற கார்ட்டூன் படமெல்லாம் எடுத்தார். நான்காவது பாகத்துக்கு எத்தனையோ தடங்கல். ஆஸ்திரேலியாவில் எடுக்கலாம் என்று நினைத்த பொட்டல்காட்டில் மழை கொட்டிப் பூ பூத்துவிட்டது! மூட்டை கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவில் நமீபியாவுக்குப் போனார்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. கேமராமேன் ஜான் சீல், ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். வேலையை விட்டு வீட்டில் இருந்தவரை மில்லர் கூப்பிட்டார். எழுபதை எட்டும் வயதில், ஆயுள் முழுக்க ஃபிலிமில் எடுத்த மனிதர், முதன்முறையாக டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்தார். எடிட்டிங்கை மில்லர் தன் மனைவி மார்கரெட் சிக்ஸலிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதுவரை சண்டைப் படம் எதையும் வெட்டியதில்லை. புதுக் கண் வேண்டும் என்றே கொடுத்தாராம். எடுத்து வைத்திருந்த சுமார் 480 மணி நேரக் காட்சிகளை இரண்டு மணி நேரமாக்கினார் அந்த அம்மாள். படத்துக்குக் கிடைத்த ஆறு ஆஸ்கார்களில் ஒன்று அவருக்கு. கதையிலும் பாதி இடத்துக்கு மேல், மேக்ஸிடமிருந்து பிடுங்கி ஃபியூரியோசா என்ற ஒற்றைக் கைப் பெண்ணுக்குத் தந்துவிட்டார் மில்லர்.

இதைப் படித்த அன்று எனக்கு என் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர்கள் கையால் எழுதிய பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. படித்துச் சுருக்கம் சொல்ல ஆள் வேண்டும். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ராஜா மாதிரி போனேன். கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பெண் இருந்தாள், என் மகளைவிடச் சின்னவள். “சார், உங்களுக்கும் டைப் அடிக்கக் கத்துத் தரேன், வேலை சீக்கிரம் முடியும்” என்றாள். “நான் கையால் எழுதித் தருகிறேன், நீ அடி” என்றேன்.

எட்டாம் நாள் ஒரு மனையின் அளவை நான் 1 என்று படித்தேன். பிரெஞ்சுக் கையெழுத்தில் 1-க்கு முன்னால் நீளமாக ஒரு வால் இருக்கும். 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். மை மங்கி அந்தக் கோடு அழிந்திருந்தது. அதே மனையின் இன்னொரு பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, “சார், இது 7 இல்லையா?” என்று கேட்டாள் அவள். பிரெஞ்சில் ஓர் எழுத்துத் தெரியாதவள். அவள் சொன்னதுதான் சரி. அவள் கேட்காவிட்டால் யாரோ ஒருவருடைய மனை காகிதத்தில் சுருங்கிப் போயிருக்கும்.

மறுநாள் நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். என் மனைவி மட்டும், “உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுக்குத்தான்” என்றாள்.

திரும்பி வருகிறவன் பழைய நாற்காலியைத் தேடிக்கொண்டு வரக் கூடாது என்பது எனக்கு அன்று தெரியவில்லை. மில்லருக்குத் தெரிந்திருந்தது. தன் படத்தையே இன்னொருவர் கண்ணால் பார்க்க விட்டார். 2024-ல், 79 வயதில், ‘ஃபியூரியோசா’ என்று அடுத்த படமும் எடுத்தார். எதிர்பார்த்த வசூல் இல்லை. இருந்தாலும் எடுத்தார்.

அந்தக் கட்டுகளில் பாதி இன்னும் பிரிக்கப்படாமல் கிடப்பதாகக் கேள்வி. அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கூடியவர்கள் எங்கள் வகுப்பில் இப்போது மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறோம். போன திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். சம்பளம் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போதும் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்றும் கேட்டிருக்கிறேன்.

பதில் வந்தால் இங்கே சொல்கிறேன்.