ஐந்தில் ஒருவர்

முழங்கால் எங்களில் ஒருவருடையது. வலி இருவருக்கும் பொதுவாகிவிட்டது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டு மாதங்களாகின்றன. திருச்சியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் உலோகம் கச்சிதமாகவே பொருந்தியிருந்தது. தொற்றில்லை, தளர்வில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வலிக்கிறது என்பவரைப் பொய்யராக்கிவிடும் சொல் அது.

வாஜ்பாய்க்கு 2000-இல் ஒரு முழங்காலும் 2001-இல் மற்றதும் மாற்றப்பட்டபோதுதான் இச்சிகிச்சையின் பெயரையே கேள்விப்பட்டோம். இதைச் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது என்பதை அறிந்ததோ மிகத் தாமதமாக. புண் ஆறிய பின்னும் நரம்புகள் எச்சரித்துக்கொண்டே இருக்குமாம். அதைப் படித்த இரவு, விநோதமாக, சற்று நிம்மதியாகவே உறங்கினோம்.

ஸ்ரீரங்கத்தில் நடைக்கு வீதிகளே அளவுகோல். வலி குறைந்த ஒரு மாலையில் ஆசைப்பட்டு சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றிவிட்டு, மூன்று நாட்கள் படுக்கையில் கழித்தோம். இப்போது அதனினும் உள்ளிருக்கும் உத்திர வீதி. அதிலும் பாதி, ஒரு திண்ணை, பிறகு மீதி. வலியில்லாத நாளிலும் அவ்வளவுதான்.

அம்மா மண்டபத்துப் படிகள் இன்னும் கைகூடவில்லை. ஆடிப்பெருக்கன்று ஒருவர் இறங்கிச் சொம்பில் காவிரியை மொண்டுவந்தார்; மற்றவர் மேற்படியில் நின்றபடியே முழங்காலில் ஊற்றிக்கொண்டார்.