பொன்முகலிக் கரைக் குறிப்புகள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அது காளாஸ்திரி. தேவாரத்தில் காளத்தி. பலகையில் ஸ்ரீகாளஹஸ்தி. மூன்றுக்கும் ஒரே பஸ்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. பெயர் மட்டும் பொன்முகலி. தெலுங்கில் சுவர்ணமுகி. அதிலும் பொன்தான்.

ராகு கேது பூஜை. டிக்கெட் 500 ரூபாயில் தொடங்கி மேலே மேலே போகிறது. பூஜை ஒன்றுதான். உட்காருகிற இடம் வேறு.

கிரேக்கத்தில், டெல்ஃபியில், இதற்குக் கல்வெட்டே உண்டு. அப்போலோவிடம் குறி கேட்கும் வரிசையில் முதலில் நிற்கிற உரிமை. கியோஸ் தீவுக்காரர்கள் பலிபீடம் கட்டிக் கொடுத்தவர்கள், ஆகவே அவர்களுக்கு அந்த உரிமை. பீடத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது. மற்றவர்களுக்குக் குலுக்கல்.

குறி சொல்லும் நாள் மாதத்துக்கு ஒன்று. குளிர்காலம் மூன்று மாதம் சாமியே ஊரில் இருக்காது.

அங்கே முதலில் ஆட்டின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் அன்றைக்குக் குறி கிடையாது.

புளூட்டார்க் எழுதுகிறார், அவர் அந்தக் கோவிலிலேயே பூசாரி. ஒருமுறை ஆடு நடுங்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். அனுப்ப மனமில்லை. ஊற்றி ஊற்றி ஆட்டை நடுங்க வைத்துவிட்டார்கள். குறி சொல்ல உள்ளே போன பெண் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சில நாளில் செத்துப்போனாள்.

நம் பக்கத்தில் ஆடு துலுக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு மொத்தப் பங்காளிகளும் ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில ஆடு சும்மா நிற்கும். யாராவது பொறுமை இல்லாதவன் காதுக்குள் தண்ணீர் விடுவான்.

"பூஜை முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போயிடணும் சாமி. வேற எந்தக் கோவிலுக்கும் போகக் கூடாது." தேங்காய்க் கடைக்காரர். தெலுங்கு கலந்த தமிழ். அதனால்தான் எல்லாரும் திருப்பதியை முதலில் முடித்துவிட்டு இங்கே வருகிறார்கள்.

கிரகணத்தன்று மற்றக் கோவில்களில் நடை சாத்துவார்கள். இங்கே திறந்திருக்கும். அபிஷேகமும் உண்டு.

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். திருமலையில் பிற்பகலிலேயே கதவை அடைத்தாயிற்று. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சுற்றுக்குள் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. இரண்டு இடத்துக்கும் அதே நிலா.

கி.மு. 413 ஆகஸ்ட் 27. சிசிலியில் சிராக்யூஸ் துறைமுகம். ஏதென்ஸ் படை ஊருக்குத் திரும்பக் கப்பலைத் தயார் செய்துவிட்டது. அன்றிரவு சந்திர கிரகணம். மூன்று ஒன்பது நாள் கழியாமல் நகரக் கூடாது என்றார்கள் குறிகாரர்கள். தளபதி நிகியாஸ் கேட்டுக்கொண்டார். அவர் மட்டுமில்லை, சிப்பாய்கள் பெரும்பாலோரும் அதையேதான் சொன்னார்கள் என்கிறார் தூசிடிடீஸ். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இருபத்தேழு நாள் கழியவில்லை. அதற்குள் கப்பற்படையே போயிற்று.

அதே தூசிடிடீஸ் இன்னோர் இடத்தில் சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும்தான் வரும்போலிருக்கிறது என்று சும்மா ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். விளக்கவில்லை. யாரையும் கேலி செய்யவில்லை.

பிடிபட்டவர்களைக் கல்குவாரியில் அடைத்தார்கள். யூரிபிடீஸ் நாடகங்களிலிருந்து மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சிலருக்கு விடுதலை கிடைத்ததாம். இது புளூட்டார்க்.

வசனம் மறந்தவர்கள்?

கருவறை. வாயு லிங்கம். பூஜை செய்கிறவர்களும் கையால் தொடுவதில்லை. உள்ளே காற்று வர வழியில்லை, ஆனால் தீபங்களில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். எல்லாரும் அந்தச் சுடரையே பார்க்கிறார்கள். லிங்கத்தைப் பார்க்க மறந்துவிட்டு வெளியே வருகிறவர்களும் உண்டு.

தள்ளுகிறார்கள். ஜருகண்டி.

மிலேட்டஸ் ஊர்க்காரர் அனாக்சிமினிஸ், கி.மு. ஆறாம் நூற்றாண்டு. எல்லாம் காற்றிலிருந்து வந்தது என்றவர். இறுகினால் மேகம், தண்ணீர், மண், கல். தளர்ந்தால் நெருப்பு. அவர் காட்டிய சான்று: வாயை அகலத் திறந்து கைமேல் ஊது. சூடு. உதட்டைக் குவித்து ஊது. குளிர்ச்சி.

வரிசையில் நின்றபடி ஊதிப் பார்த்தேன். முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்.

தேலீஸ் தண்ணீர் என்றார். ஹெராக்ளிடஸ் நெருப்பு. எம்பெடோக்ளிஸ் நான்கையும் சேர்த்தார். அரிஸ்டாட்டில் மேலே ஐந்தாவது ஒன்றை வைத்தார். இங்கே ஐந்துக்கும் ஐந்து ஊர்: திருவானைக்கா, திருவண்ணாமலை, காஞ்சி, காளத்தி, சிதம்பரம்.

ஏதென்ஸில் கி.மு. 423இல் அரிஸ்டோஃபனீஸ் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். 'மேகங்கள்'. அதில் சாக்ரடீஸ் ஒரு கூடையில் தொங்குகிறார். காற்றில் நடந்து சூரியனை ஆராய்கிறாராம். கும்பிடுவது காற்றையும் மேகத்தையும். போட்டியில் மூன்று நாடகம். இதற்குக் கடைசி இடம்.

இருபத்துநான்கு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் தன்மேல் இருந்த பழைய பழிக்குக் காரணமாக அந்த நாடகத்தையே காட்டினார் சாக்ரடீஸ். பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

சாகும்போது கடைசியாகச் சொன்னது நேர்த்திக்கடன் பற்றி. அஸ்கிலேபியஸுக்கு ஒரு சேவல் பாக்கி.

கோவிலுக்குத் தெற்கே கண்ணப்பர் மலை. பிரம்மோற்சவத்தில் முதல் கொடி அங்கேதான் ஏறும். சாமிக்கு அப்புறம்தான்.

கண்ணப்பருக்கு முதலில் பெயர் திண்ணன். உடுப்பூர் வேடன். வாயில் தண்ணீர், தலையில் பூ, கையில் பன்றிக்கறி. மென்று ருசி பார்த்த கறி.

பகலில் வேட்டை. ராத்திரி முழுக்க வில்லோடு நின்று காவல். விடிந்ததும் அர்ச்சகர் சிவகோசரியார் வருவார். எலும்பையும் கறியையும் கண்டு பதறுவார், துடைப்பார், பொன்முகலியில் மறுபடி குளிப்பார், முறைப்படி பூஜை செய்வார். போவார். வேடன் வருவான். அந்தப் பூவைத் தள்ளிவிட்டுக் கறியை வைப்பான். ஐந்து நாள் இப்படி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

பாரசீகத்தின் தாரியஸ் ராஜா தன் சபையில் இருந்த கிரேக்கர்களைக் கேட்டார்: செத்த தகப்பனைத் தின்ன எவ்வளவு கூலி வேண்டும்? எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம். அப்புறம் கல்லாத்தியர் என்ற இந்தியர்களைக் கூப்பிட்டார். இவர்கள் தின்கிறவர்கள். எரிக்க எவ்வளவு வேண்டும்? கத்திவிட்டார்கள். அந்தப் பேச்சே எடுக்காதே என்றார்கள். ஹெரோடோட்டஸ், மூன்றாம் புத்தகம்.

கிரேக்கர்களுக்குப் புரிவதற்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்றார் என்று குறித்திருக்கிறார். அந்த ஆள் எந்த ஊர்க்காரர்? அவர் வீட்டில் எரிப்பார்களா, தின்பார்களா?

ஆறாம் நாள். சிவகோசரியார் கனவில் உத்தரவு வந்தது. ஒளிந்திருந்து பார்.

ஆக, லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வந்தது ஒரே ஒரு பார்வையாளருக்காக. நடிக்கிறவனுக்கு இது நாடகம் என்று தெரியாது.

திண்ணன் முதலில் காட்டுக்குள் ஓடுகிறான், எவன் அடித்தான் என்று தேடி. யாருமில்லை. பச்சிலை பிழிகிறான். நிற்கவில்லை. தசைக்குத் தசைதான் மருந்து என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வருகிறது. அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்புகிறான். ரத்தம் நின்றது.

நின்றதும் குதிக்கிறான். தோளைத் தட்டிக்கொண்டு கூத்தாடுகிறான். ஒரு கண்தான் இருக்கிறது. சேக்கிழார் இதை விடவில்லை. சினிமாக்காரர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், அடுத்த கண்ணுக்குப் போக வேண்டுமே.

இரண்டாவது கண்ணிலும் ரத்தம். இதையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாது. அடையாளத்துக்குச் செருப்புக் காலை சாமி கண்மேல் ஊன்றுகிறான்.

இது பக்தி என்பதைவிட வேலை தெரிந்தவன் புத்தி.

ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்வதை ஏதென்ஸில் யாரும் பார்க்கவில்லை. உள்ளே நடக்கிறது. சேவகன் ஒருவன் வெளியே வந்து சொல்கிறான். செத்துக் கிடந்த ராணியின் உடையிலிருந்து தங்க ஊசிகளை உருவினான், ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்பக் குத்தினான். சொல்லி முடித்த பிறகுதான் கதவு திறக்கும்.

அரிஸ்டாட்டில் நாடகத்தின் ஆறு உறுப்புகளை எண்ணுகிறார். கண்ணுக்குத் தெரிகிற காட்சிக்குக் கலையில் பங்கு மிகக் குறைவு என்கிறார்.

1954இல் ராஜ்குமார் கன்னடத்தில் 'பேடர கண்ணப்ப'. அதுதான் அவர் கதாநாயகனாக நடித்த முதல் படம். அதையே தெலுங்கில் 'காளஹஸ்தி மகாத்மியம்'. 1976இல் கிருஷ்ணம் ராஜு. 2025இல் விஷ்ணு மஞ்சு. கடைசிப் படத்தில் காளஹஸ்திக் காட்டுக்கு நியூசிலாந்து போனார்கள்.

யூரிபிடீஸின் 'பாக்கே'. சாமி ஆடுகிற பெண்களை ஒளிந்திருந்து பார்க்க ஆசைப்படுகிறான் ராஜா பெந்தியூஸ். பெண் வேஷம் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறுகிறான். அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். மரத்தோடு சாய்த்துப் பிய்த்து எறிகிறார்கள். தலை அம்மா கையில். சிங்கத் தலை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறாள்.

மரத்தில் ஏற வழி செய்து கொடுத்ததும் சாமிதான்.

குடிமல்லம் இங்கிருந்து அதிக தூரமில்லை. அதே ஆறு. பரசுராமேஸ்வரர் கோவில். லிங்கம் என்றால் சுற்றிவளைக்காத லிங்கம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் முகப்பில் வேடன் மாதிரி ஒருவன். ஒரு கையில் ஆட்டைப் பின்காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். தோளில் கோடாலி. காலடியில் ஒரு குள்ளன். கிறிஸ்துவுக்கு முன்பு என்பவர்கள் அதிகம். எத்தனை நூற்றாண்டு முன்பு என்பதில் சண்டை ஓயவில்லை.

ஏதென்ஸ் தெருக்களில் வீட்டு வாசல்தோறும் ஹெர்மிஸ் தூண்கள். சதுரக் கல். மேலே தலை, நடுவில் ஆண்குறி, வேறொன்றும் இல்லை. கி.மு. 415இல் ஒரே இரவில் ஊரிலுள்ள பெரும்பாலான தூண்களின் முகத்தை யாரோ உடைத்துவிட்டார்கள். சிசிலிக்குக் கப்பல் கிளம்ப வேண்டிய நேரம். போகிற தளபதிகளில் ஒருவர் நிகியாஸ்.

2010 மே 26 இரவு கிருஷ்ணதேவராயர் கட்டிய காளஹஸ்தி ராஜகோபுரம் விழுந்தது. 1516இல் கட்டியது. முன்பே விரிசல் தெரிந்து ஆட்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். அன்று பேசாத ஜோசியர் இல்லை. இப்போது நிற்பது புதியது, 2017இல் கும்பாபிஷேகம்.

கலம்காரிக்காரர்கள் தெரு. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காய வைத்திருக்கிறார்கள். அந்த வாசனையை எந்த டூரிஸ்ட் புத்தகமும் எழுதுவதில்லை. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறினால் கறுப்பு. சிவப்புக்குப் படிகாரம். படிகார நீரால் வரைகிறபோது அவ்வளவாகத் தெரியாது. வேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால்தான் சிவப்பு எழும்பும். ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும்.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஹெரோடோட்டஸ் காகசஸ் மலைக்காரர்களைப் பற்றி: இலையை அரைத்துத் தண்ணீரில் கலந்து உடைமேல் உருவம் தீட்டுவார்களாம். சாயம் போகாதாம். துணியோடு சேர்ந்து கிழவனாகுமாம். இந்தியாவில் மரத்தில் கம்பளி காய்க்கும், ஆட்டு ரோமத்தைவிட உசத்தி என்று எழுதினவரும் அவர்தான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஊருக்கு ஊர் தர்மராஜா கோவில். பதினெட்டு நாள் பாரதம். பகலில் கதை, ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் நட்டு ஏறுவான். கீழே குழந்தை வேண்டிப் படுத்திருக்கிற பெண்கள் நாடகத்துக்கு வந்தவர்களா, கோவிலுக்கு வந்தவர்களா? கேட்டால் முறைப்பார்கள்.

துகில் உரிகிற இரவில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பாவம் செய்கிறார்.

ஏதென்ஸ் நாடக விழாவுக்கு முன்னால் டயோனிசஸ் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். சாமியும் நாடகம் பார்க்கும். முன்வரிசையில் நடுநாற்காலி பூசாரிக்கு. பளிங்கு. இன்னும் கிடக்கிறது.

ஃபிரினிக்கஸ் என்று ஒரு நாடகக்காரர். மிலேட்டஸ் பாரசீகரிடம் வீழ்ந்த கதையைச் சில வருஷத்துக்குள்ளேயே மேடையேற்றினார். அனாக்சிமினிஸின் ஊர். சபை முழுக்க அழுதது. ஆயிரம் திராக்மா அபராதம் போட்டார்கள், சொந்த வீட்டுத் துக்கத்தை ஞாபகப்படுத்தியதற்காக. இனி யாரும் அதை ஆடக் கூடாது என்று உத்தரவு.

பதினெட்டாம் நாள் காலை துரியோதனன் மண்ணில் படுத்திருப்பான், தெருநீளம். தொடை பிளந்ததும் ஜனங்கள் பாய்ந்து மண்ணை அள்ளுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக. யாருக்கும் அபராதம் இல்லை.

எகிப்தில் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ், எண் 413. ஒரு கிரேக்கக் கோமாளி நாடகம். இந்தியக் கடற்கரையில் நடக்கிறது. சாரிட்டியன் என்ற பெண்ணைச் சந்திர தேவதைக்குப் பலி கொடுக்கப் பார்க்கிறான் இந்திய ராஜா. சாராயம் ஊற்றிக் கவிழ்த்துவிட்டுத் தப்பிக்கிறார்கள். இந்தியர்கள் பேசுவது புரியாத பாஷை. அது கன்னடம் என்று 1904இல் எழுதினார் ஹுல்ட்ஷ், தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர். பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

கன்னடமோ இல்லையோ, யாரோ ஒரு கிரேக்க நடிகன் அந்த வரிகளை உருப்போட்டிருக்கிறான்.

பாதாள விநாயகர். குறுகல் படி, ஆள் பார்த்து ஆள் இறங்க வேண்டும். கிரேக்கத்தில் ட்ரோஃபோனியஸ் குகையில் கையில் தேன் பணியாரத்தோடு இறங்குவார்கள். உள்ளே இருக்கும் பாம்புக்கு. மேலே வந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் சிரிப்பு வராதாம். பௌசானியஸ் தானே இறங்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பு திரும்பி வரும் என்று எழுதியிருக்கிறார்.

இங்கே மேலே வந்தவர்கள் செல்ஃபோனில் டவர் கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சிவகோசரியார் மறுநாள் பூஜைக்கு என்ன கொண்டுவந்தார்?