காசு வாங்காத பேருந்து எங்கே புறப்பட்டது?

சேப்பல் ஹில்லில் டவுன் பஸ்ஸுக்குக் காசு கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஒரு பழைய அரசுப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சிறிய ஊர் அது. 1795இல் அங்கே சேர்ந்த முதல் மாணவர் ஹிண்டன் ஜேம்ஸ், கடலோரத்து வில்மிங்டன் பக்கமிருந்து நடந்தே வந்து சேர்ந்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. இன்றைக்கு அந்த ஊரில் வெள்ளையும் நீலமுமான பேருந்தில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். டிக்கெட் இல்லை, அட்டையைக் காட்டச் சொல்வாரும் இல்லை. மாணவருக்கும் ஊர்க்காரருக்கும் நேற்று வந்து இறங்கிய விருந்தாளிக்கும் ஒரே விதிதான். 2002 ஜனவரியிலிருந்து இப்படி ஓடுகிறது.

இதை முதலில் நினைத்தது யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். கேட்ட இடமெல்லாம் பதில் கிடைத்தது, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. "எங்க ஃபீஸ்லதான் ஓடுது" என்றார் ஒரு மாணவர். "எங்க வீட்டு வரி" என்றார் ஊர்க்காரர். பல்கலைக்கழக ஊழியர் ஒருவர், "கார் நிறுத்த இடமில்லாமப் போச்சு, அதான்" என்று முடித்துவிட்டார். மூன்றும் உண்மை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் மூன்றும் கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே.

பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில் வட கரோலினாவைப் பற்றிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 'டெய்லி டார் ஹீல்' என்ற மாணவர் பத்திரிகை 1893 முதல் வருகிறது. ஊரில் எந்தச் சண்டை நடந்தாலும் அதில் தடயம் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி நடப்பது என்று முடிவு செய்தேன்.

கடைசி அத்தியாயத்தின் கணக்கு எளிமையானது. சேப்பல் ஹில், அதை ஒட்டிய கார்பரோ, பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் பேருந்து இது. கட்டணம் இருந்த காலத்திலேயே அந்த வருமானத்தின் பெரும்பகுதி, மாணவர்களுக்காகவும் ஊழியர்களுக்காகவும் மொத்தமாக வாங்கப்பட்ட பாஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பேருந்தில் ஏறிச் சில்லறை போட்டவர்கள் கொடுத்தது சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக ஒவ்வொரு வண்டியிலும் காசுப்பெட்டி வேண்டும், அதைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும், இரவில் எண்ண ஆள் வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி காத்திருக்கவும் வேண்டும். 2000 நவம்பரில் மாநில வாக்காளர்கள் உயர்கல்விக் கட்டடங்களுக்காக 310 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். வளாகம் விரியப்போகிறது, கார் நிறுத்துமிடங்கள் சுருங்கப்போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குறுகிய தெருக்கள் கொண்ட குன்றூர். கூடுதல் கார்களுக்கு அங்கே இடமே இல்லை.

அப்போது மாணவர்கள் செய்ததுதான் என்னை அந்தப் பக்கங்களில் நிறுத்தி வைத்தது. 2001இல், பேருந்துக்காகத் தங்கள் கட்டணத்தை உயர்த்திக்கொள்ள அவர்களே வாக்களித்தார்கள். நாலு வருஷத்தில் படிப்பு முடிந்து ஊரைவிட்டே போகிறவர்கள். அவர்கள் கட்டிய பணத்தில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரும், பள்ளிப் பிள்ளையும், ஓய்வுபெற்ற தாத்தாவும் சேர்ந்தே ஏறினார்கள். மாணவருக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் காசு கொடுக்கட்டும் என்று பல கல்லூரி ஊர்களில் வைத்திருப்பதுபோல இங்கும் வைத்திருக்கலாம். அப்படி வைக்கவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் பயணிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்கானது.

மானிங் டிரைவில் பல்கலைக்கழக மருத்துவமனை நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். இரவுப் பணி முடிந்தவர்கள் ஏறக் காத்திருக்க, பகல் பணிக்காரர்கள் இறங்குகிறார்கள். சக்கர நாற்காலிக்காரர் ஒருவருக்காக ஓட்டுநர் வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்திச் சாய்பலகையை விரிக்கிறார். பின்னால் நிற்கிற யாரும் பையைத் துழாவவில்லை. கையில் குழந்தையோடு வந்த பெண் நேராக ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஓட்டுநருக்கும் காசு தொடர்பாக யாரோடும் தகராறு செய்யவேண்டிய நிலை இல்லை.

அந்த நிறுத்தத்தில்தான் வயதான கறுப்பினப் பெண்மணி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இலவசமானது எப்படி என்று கேட்டேன். அவர் என் கேள்வியையே திருத்தினார். "இலவசமானதை விடுங்க. பஸ் வந்தது எப்படின்னு கேளுங்க. ஹோவர்ட் லீயைப் பத்திப் படிங்க."

படித்தேன். 1934இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த லீ, சமூகப்பணி படிக்க இந்த ஊருக்கு வந்தவர். வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கியதற்காகக் கொலைமிரட்டல்களைச் சந்தித்தார். அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையை எரித்தார்கள். 1969இல் அவரே ஊரின் மேயரானார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள ஒரு தென்மாநில ஊர் கறுப்பினத்தவர் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்ததிலிருந்து அதுவே முதல்முறை. அவர் தந்த வாக்குறுதிகளில் ஒன்று பொதுப் பேருந்து.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பல்கலைக்கழக உணவுக்கூடப் பணியாளர்கள் மேரி ஸ்மித், எலிசபெத் புரூக்ஸ் என்ற இரு பெண்களின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். குறைந்த கூலி, கூலி தராத கூடுதல் நேரம். ஆளுநர் காவல்படையை அனுப்பினார். சமையல், துப்புரவு, துணி வெளுப்பு என்று வளாகத்தைத் தாங்கிய அந்த மக்களில் பலரிடம் கார் இல்லை. பேருந்து வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் இவர்கள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்காவிட்டால், லீயின் வாக்குறுதி ஏதோ போக்குவரத்துத் திட்டம்போலத் தெரியும். 1973இல் ஊர் வாக்காளர்கள் பேருந்துக்கான பணத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்; 1974 ஆகஸ்டில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1975 வரை லீ மேயராக இருந்தார்.

கார்பரோவின் கதை இன்னும் காரசாரமானது. பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊர் அது. வாடகை குறைவு என்பதால் மாணவர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். பேருந்துக்குப் பணம் தர ஊர்மன்றம் மறுத்தது. வாக்குரிமை வயது 18ஆகக் குறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். மாணவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் கூட்டணி அமைத்து, தேர்தலில் நின்று, மன்றத்தையே மாற்றிவிட்டார்கள். 1977இல் ராபர்ட் டிரேக்ஃபோர்ட் அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரானார். ஒரு பேருந்து வழித்தடத்துக்காகத் தொடங்கிய சண்டை ஊரின் அரசியலையே புரட்டிப் போட்டது. 2001இன் மாணவர்கள் வாக்குப்பெட்டிக்குப் போனது இந்த மரபில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரோஸ்மேரி தெருவும் கொலம்பியா தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைப் படிக்காமல் போகக்கூடாது. வெளியூர்ப் பேருந்து நிலையம் ஒருகாலத்தில் அங்கே இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் இனவாரியாக இருக்கை பிரிப்பது செல்லாது என்று ஐரீன் மார்கன் வழக்கில் 1946இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்க, அடுத்த ஏப்ரலில் எட்டுக் கறுப்பினத்தவரும் எட்டு வெள்ளையருமாகப் பதினாறு பேர் தென்மாநிலப் பேருந்துகளில் கலந்து உட்கார்ந்து பயணம் செய்தார்கள். 1947 ஏப்ரல் 13 அன்று இந்த நிலையத்தில் ஆண்ட்ரூ ஜான்சனையும் ஜோ ஃபெல்மெட்டையும் கைது செய்தார்கள். உடனே அந்த இருக்கையில் பேயார்ட் ரஸ்டினும் ஐகல் ரூடென்கோவும் போய் உட்கார்ந்தார்கள், அவர்களும் கைதானார்கள். ஜாமீன் கட்டப் போன ஜேம்ஸ் பெக்கை ஒரு டாக்ஸி ஓட்டுநர் தாக்கினார். உள்ளூர்ப் போதகர் சார்ல்ஸ் ஜோன்ஸ் அவர்களைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அவருக்கும் மிரட்டல் வந்தது.

ரஸ்டின் காந்தியத்தில் ஊறியவர். 1948இன் இறுதியில் இந்தியா சென்று காந்தியின் தோழர்களைச் சந்தித்துத் திரும்பினார். அந்தக் கைது வழக்கின் மேல்முறையீடு தோற்றதும் 1949இல் தானே வந்து சரணடைந்து, கைதிகளைச் சாலை வேலைக்கு அனுப்பும் இம்மாநில முகாமில் 22 நாள் இருந்தார். அங்கே கண்டதை எழுதி வெளியிட்டார். 1963இல் வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்ததும் இவர்தான். அன்று கைதான நால்வர் மீதான தண்டனையை நீதிமன்றம் நீக்கியது 2022இல். ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை.

1947க்கும் 2002க்கும் நேர்கோடு போடுவது சரியாகாது. 2001இல் காசுப்பெட்டியை எடுக்க முடிவு செய்தவர்கள் கார் நிறுத்துமிடத்தையும் வரவுசெலவையும்தான் மேசைமேல் வைத்துப் பேசினார்கள். ஆனாலும் பேருந்தில் யார் எங்கே உட்காரலாம் என்று சட்டம் சொன்ன ஊர் இது. அதே ஊர் இருபத்திரண்டு ஆண்டுகளில் லீயைத் தேர்ந்தெடுத்தது. தோற்றம் எது என்று ஒரே ஒரு ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் 1969ஐச் சொல்வேன். கட்டணம் நீங்கியதற்குக் கணக்கு காரணம். பேருந்து வந்ததற்கு மனிதர்கள் காரணம். இரண்டாவதுதான் கடினமான வேலை.

அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. நெடுங்காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வளாகத்தைச் சுற்றும் வண்டிகளைத் தவிர வழக்கமான தடங்கள் ஓடியதே இல்லை. ஞாயிறும் பாத்திரம் துலக்கப் போனவருக்கு அன்று இலவசம் என்பதால் பயன் இருக்கவில்லை. வாடகை ஏறி ஏறி, சமையற்கூடத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறவர்கள் பலர் டர்ஹாமுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப் போய்விட்டார்கள். புதிய பேருந்து வாங்கும் செலவு கூடும்போதெல்லாம் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு நடக்கும் ஊர்மன்றக் கூட்டங்களுக்கு இனி நானும் போவதாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தடங்களைக் கூட்டுங்கள், ஊர் எல்லைக்கு வெளியே வண்டியை நீட்டுங்கள் என்று கேட்கப் போகிறேன்.